வளைந்த கல் சொல்லும் வரலாறு



நமது மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பார்ப்போமா? டெஸ்ட் எல்லாம் முடிந்துவிட்டது. மெஷினை ஆஃப் செய்தாகிவிட்டது. ரீடிங் எழுதிய நோட்டு காணோம். மேசை மேல் உடைந்த ஸ்பெசிமன்கள் மட்டும் கிடக்கின்றன. எதற்கு எந்த டெஸ்ட் நடந்தது என்று சொல்ல முடியுமா?

நம்மில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடலாம். நடுவில் கழுத்து சுருங்கி, ஒரு முனை கிண்ணம் போலவும் மறுமுனை கூம்பு போலவும் அறுந்திருக்கும் மைல்டு ஸ்டீல் கம்பியா? அது இழுவிசை. கத்தியால் நறுக்கியது போல் சமதளமாக அறுந்த மைல்டு ஸ்டீலா? அது முறுக்குவிசை. அதே முறுக்கில் 45 டிகிரி சாய்வில் திருகிக்கொண்டு உடைந்திருந்தால் அது வார்ப்பிரும்பு. நான்கு பக்கமும் உதிர்ந்து, நடுவில் உடுக்கை மாதிரி நிற்கும் கான்கிரீட் க்யூபா? அது அமுக்குவிசை. நோட்டு இல்லாவிட்டால் என்ன, உடைந்த வடிவமே ரீடிங்!

நிலவியல் அறிஞர்கள் செய்வதும் இதே வேலைதான். அவர்களுடைய ஸ்பெசிமன் ஒரு மலை. சில சமயம் நாலைந்து மாவட்டம். டெஸ்ட் நடந்தது 50 கோடி, 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது ரீடிங் எடுக்க யாரும் இல்லை. ஆனால் ஸ்பெசிமன் நம் காலடியிலேயே கிடக்கிறது. தமிழ்நாட்டுப் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மிகப் பழைய கடினப் பாறை. ஜியாலஜி என்றால் கல்லின் பெயர்களை மனப்பாடம் செய்வது என்ற அளவில் இருந்த எனக்கு, அந்தப் பாடத்தில் ருசி தட்டியதே இந்த ஒப்புமையால்தான். கல்லின் பெயரை விட, அது வளைந்திருக்கும் விதம் அதிகம் பேசுகிறது. அதை எப்படிப் படிப்பது, படித்தால் நம் சேலம், நாமக்கல், கரூர் பக்கத்துப் பாறை என்ன சொல்கிறது, அதனால் நமக்கு என்ன பயன் என்பதை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

கல் வளையுமா?

"என்னப்பா, கல்லாவது வளையறதாவது! சுத்தியல் போட்டா உடையும், அவ்வளவுதானே?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கேள்வி நியாயமானதே. நம் கண்ணெதிரே கல் உடையத்தான் செய்யும். ஆனால் மூன்று விஷயங்கள் மாறினால் அதே கல் மாவு மாதிரி இழுபடும். அவை சுற்றிலும் உள்ள அழுத்தம், வெப்பம், நேரம்.

முதலில் அழுத்தம். பாறையின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 2,700 கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் மேலே உள்ள பாறையின் எடையால் மட்டும் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 26.5 நியூட்டன் அழுத்தம் வருகிறது. நாம் போடும் எம்-20 கான்கிரீட் தாங்க வேண்டியதே 20 நியூட்டன்தான்! பத்து கிலோமீட்டர் ஆழத்தில் இது பத்து மடங்கு. எல்லாப் பக்கமும் இப்படி இறுக்கிப் பிடித்தால் விரிசல் வாய் திறக்கவே இடம் இல்லை. 1911-ஆம் ஆண்டிலேயே இதைச் சோதித்துக் காட்டியவர் தியோடர் வான் கார்மன். பின்னாளில் விமானவியலில் உலகப் புகழ் பெற்றாரே, அதே மேதைதான். இத்தாலியின் கராரா சலவைக்கல்லை உருளையாக வெட்டி, சுற்றிலும் திரவ அழுத்தம் கொடுத்துக்கொண்டே மேலிருந்து அமுக்கினார். அழுத்தம் குறைவாக இருந்தபோது கல் உடைந்தது. அழுத்தத்தை ஏற்றியபோது உடையாமல் பீப்பாய் போலப் புடைத்தது. சாயில் மெக்கானிக்ஸில் நாம் படிக்கும் ட்ரையாக்சியல் டெஸ்டும் இதே தத்துவம்தான்.

இரண்டாவது வெப்பம். பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சராசரியாக 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். சுமார் 300 டிகிரியில் குவார்ட்ஸ் இளக ஆரம்பிக்கிறது. உருகுவது இல்லை, திடமாக இருந்தபடியே மெல்ல வடிவம் மாறுகிறது. ஃபெல்ட்ஸ்பார் இளக 450 முதல் 500 டிகிரி வேண்டும். எனவே 10 முதல் 15 கிலோமீட்டர் ஆழம் வரை பாறை உடையும். அதற்குக் கீழே வளையும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

மூன்றாவது நேரம். ரோடு போடும் இடத்தில் தார் டிரம்மைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த தார்க்கட்டியைச் சுத்தியலால் அடித்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அதே கட்டியைச் சும்மா வைத்துவிட்டுப் போனால், சில நாளில் தானாகவே தரையில் பரவிக் கிடக்கும். அவசரமாகத் தொட்டால் கல். பொறுமையாகத் தொட்டால் திரவம். மலைகள் உருவாகும் இடங்களில் பாறை வடிவம் மாறும் வேகம் மிகமிகக் குறைவு. ஒரு மீட்டர் நீளத்துக்கு ஓர் ஆண்டில் 0.3 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். ஆனால் பத்து லட்சம் ஆண்டுகளில் அந்த ஒரு மீட்டரில் 30 சென்டிமீட்டர் சுருங்கிவிடும். பூமியின் வயதில் பத்து லட்சம் ஆண்டு ஒரு மதியத் தூக்கம் மாதிரி!

இந்த விசை எங்கிருந்து வருகிறது? பூமியின் மேலோடு பல பெரிய தட்டுகளாக இருக்கிறது. ஒவ்வொரு தட்டும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. இந்தியத் தட்டின் வேகம் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர். இரண்டு கோடி ஆண்டு இப்படிப் போனால் 1,000 கிலோமீட்டர். தட்டுகள் மோதும் இடத்தில் மலை, விலகும் இடத்தில் கடல், உரசும் இடத்தில் நொறுங்கிய பட்டை. இதுதான் அந்தப் பெரிய டெஸ்டிங் மெஷின்.

கல்லில் உள்ள எழுத்துக்கள்

மொழி படிக்க முதலில் எழுத்து தெரிய வேண்டும் அல்லவா? பாறை மொழிக்கும் சில எழுத்துக்கள் உண்டு.

மடிப்பு: ஸ்காட்லாந்தின் சர் ஜேம்ஸ் ஹால் கடற்கரைப் பாறைகளில் அலை அலையான மடிப்புகளைக் கண்டு யோசித்தார். துணிகளை அடுக்கி, மேலே எடை வைத்து, இரு பக்கமும் பலகையால் நெருக்கினார். துணி அடுக்கு பாறையைப் போலவே மடிந்தது. 1815-இல் இதை வெளியிட்டார். பாய் மடித்துப் பார்த்தவர்களுக்கு இதில் உள்ள விதி எளிதில் விளங்கும். மடிப்பின் முதுகுக் கோடு வடக்கு தெற்காக ஓடினால், நெருக்கிய விசை கிழக்கு மேற்காக வந்திருக்கிறது. மடிப்புக் கோட்டுக்குச் செங்குத்துதான் தள்ளிய திசை.

விரிசலும் இடப்பெயர்ச்சியும்: பாறை உடைந்து இரு பக்கமும் நகராமல் இருந்தால் ஜாயிண்ட், நகர்ந்திருந்தால் ஃபால்ட். ஃபால்ட் முகத்தில் உரசிய கோடுகள் இருக்கும். கோடு படுத்திருந்தால் பக்கவாட்டில் நகர்ந்தது. நின்றிருந்தால் மேலும் கீழும் நகர்ந்தது.

கழுத்துச் சுருங்கிய பட்டை: மென்மையான பாறைக்குள் கடினமான பட்டை ஒன்று இருந்து, இரண்டையும் சேர்த்து இழுத்தால், கடினப் பட்டை ஆங்காங்கே கழுத்து சுருங்கித் துண்டாகும். நம் டென்சைல் டெஸ்ட் ஸ்பெசிமனைப் பத்து வரிசையாக வைத்தது போலிருக்கும். பிரெஞ்சு மொழியில் ஒருவகை இறைச்சிச் சுருளின் பெயரால் இதற்கு 'பூடின்' என்று பெயர். இழுத்த திசையை நேரடியாகக் காட்டும் எழுத்து இது.

தகட்டு அமைப்பு: நன்றாகப் பிசைந்து தேய்த்த சப்பாத்தி மாவில் சீரகம் எல்லாம் படுத்துவிடும். அதுபோல, நசுக்கப்பட்ட பாறையில் மைக்கா போன்ற கனிமங்கள் ஒரே தளத்தில் படுத்துவிடுகின்றன. நைஸ் பாறையில் கறுப்பும் வெளுப்புமாக வரி வரியாகத் தெரிவது இதுதான். அந்த வரிகளுக்குச் செங்குத்தான திசையில் பாறை நசுங்கியிருக்கிறது.

கண்: இதுதான் எனக்கு மிகவும் பிடித்த எழுத்து. ஒரு சீட்டுக்கட்டின் பக்கவாட்டில் வட்டம் வரைந்து, மேல் சீட்டுகளை வலப்பக்கம் தள்ளுங்கள். வட்டம் சாய்ந்த முட்டையாகும். இதுதான் ஷியர். பாறை இப்படி ஷியர் ஆகும்போது, இளகிய குவார்ட்ஸ் வழிந்து ஓடும். இளகாத ஃபெல்ட்ஸ்பார் மணி மட்டும் நடுவில் உருண்டு, இரு பக்கமும் வால் முளைத்துக் கண் போல நிற்கும். மேல் பக்கத்து வால் எந்தத் திசையில் நீள்கிறதோ, அந்தத் திசையில்தான் மேல் பக்கத்துப் பாறை நகர்ந்திருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் கண், ஒரு கண்டம் நகர்ந்த திசையைச் சொல்லிவிடும்! இப்படி மாவாக அரைபட்ட பாறைக்கு 1885-இல் சார்லஸ் லாப்வொர்த் வைத்த பெயர் மைலோனைட்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நெளிந்து வழிந்த அடையாளம் இருந்தால், அந்தப் பாறை வளைந்தபோது பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குக் கீழே இருந்தது என்று பொருள். நொறுங்கிய அடையாளம் இருந்தால் மேலே இருந்தது. இரண்டும் ஒரே பாறையில் இருந்தால், அது ஆழத்திலிருந்து மேலே ஏறி வந்த பயணத்தையே எழுதி வைத்திருக்கிறது.

எது முதலில், எது பின்னால்?

எழுத்து தெரிந்தால் போதாது. வரிசையும் தெரிய வேண்டும். இதற்கு மூளையைக் கசக்க வேண்டியதில்லை. பெயிண்ட் அடித்த சுவரில் விரிசல் விட்டால், பெயிண்டுக்குப் பிறகுதான் விரிசல். விரிசலை மூடிப் பெயிண்ட் போயிருந்தால், விரிசல்தான் முன்னது. எது எதை வெட்டுகிறதோ அது பிந்தியது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கறுப்பு கிரானைட் என்று வெட்டி எடுக்கிறார்களே, அவற்றில் பல, பழைய நைஸ் பாறையின் விரிசலில் நெருப்புக் குழம்பு ஏறி உறைந்த டைக் எனும் சுவர்கள். நைஸ் பாறை நெளிந்து மடிந்திருக்கிறது; அதை வெட்டிப் போகும் டைக் ஸ்கேல் வைத்தது போல் நேராகப் போகிறது. எனவே மடிப்பு முதலில், டைக் பிறகு. அந்த டைக்குகளில் பல 200 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அவை இன்றும் பெரிய நெளிவில்லாமல் நிற்கின்றன என்றால், அந்தப் பகுதி அதற்குப் பிறகு பெரிய அளவில் கசங்கவே இல்லை! ஒரு நேர்கோடு எவ்வளவு பெரிய சாட்சி, பார்த்தீர்களா?

மடிப்பின் மேல் மடிப்பு விழுவதும் உண்டு. மடித்த வேட்டியைக் குறுக்கே இன்னொரு தடவை மடித்தால் இரண்டு கோடும் தெரியுமே, அப்படி. இரண்டு கோடு தெரிந்தால் இரண்டு முறை டெஸ்ட் நடந்திருக்கிறது.

ஆண்டுக்கணக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பாறையில் ஸிர்கான் என்ற சின்னஞ்சிறு மணிகள் இருக்கின்றன. அவை உருவாகும்போதே கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே பூட்டிக்கொள்கின்றன. யுரேனியம் 238-இல் பாதி ஈயமாக மாற 447 கோடி ஆண்டு ஆகும். எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது கிடைக்கும். பாறை மறுபடி சூடானால் பழைய மணியைச் சுற்றிப் புதிய ஓடு வளரும். உள் மணிக்கு ஒரு வயது, ஓட்டுக்கு ஒரு வயது. மரத்தில் வளையம் எண்ணுவது போலத்தான்!

நம்ம ஊர்ப் பக்கத்தைப் படிப்போம்

எழுத்தும் வரிசையும் தெரிந்துவிட்டது. இனி ஒரு தமிழ்நாடு வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே பாலக்காட்டுக் கணவாயில் விரலை வையுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழி விட்டு நிற்கிறது. அங்கிருந்து கிழக்கே கோவை, ஈரோடு, நாமக்கல், கரூர், திருச்சி என்று காவிரியை ஒட்டி விரலை நகர்த்துங்கள். இந்தக் கிழக்கு மேற்குப் பட்டைக்குத்தான் பாலக்காடு - காவிரி ஷியர் மண்டலம் என்று பெயர். வடக்கே மோயாறு, பவானி வழியாக இதன் கிளைகள் ஓடுகின்றன. இந்தப் பட்டைக்குள் பாறையின் தகட்டு அமைப்பு பெரும்பாலும் கிழக்கு மேற்காகவே திரும்பிக்கொள்கிறது. வடக்கே உள்ள பாறைகளின் வரிகளோ வடக்கு தெற்காகவும் வடகிழக்காகவும் ஓடி வந்து, இங்கே வளைந்து இதனோடு கலக்கின்றன. ஓடும் வாய்க்காலில் நாணல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடப்பது போல! அரைபட்ட பாறையும், வால் முளைத்த கண்களும் இப்பட்டையில் பல இடங்களில் காணக் கிடைக்கின்றன. நெருக்கலும் பக்கவாட்டு நகர்வும் சேர்ந்தே நடந்தன என்று ஆய்வாளர்கள் பலர் விளக்கியுள்ளனர்.

பட்டைக்கு வடக்கே சேலம் பக்கத்துச் சார்னோகைட்டும் நைஸும் ஏறக்குறைய 250 கோடி வயதானவை. சார்னோகைட் என்ற பெயரே நம் ஊர் தொடர்புடையதுதான். 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர், கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்தார். அது சென்னைப் பரங்கிமலைப் பக்கத்துக் கல். கல்லறைக்கு உரியவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார்! இந்தப் பாறையில் உள்ள கனிமங்கள் 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள அழுத்தத்தையும் வெப்பத்தையும் காட்டுகின்றன. அப்படியானால் நாம் இன்று மிதித்து நடப்பது, ஒரு காலத்து மலைத்தொடரின் அடித்தளம். மேலே இருந்த அத்தனை கிலோமீட்டரும் மழையிலும் காற்றிலும் கரைந்து போய்விட்டது.

சேலத்துக்குப் பக்கத்தில் கஞ்சமலை இருக்கிறது. அதைச் சுற்றி வளையம் போட்டது போல இரும்புத்தாதுப் பட்டைகள் வெளியே தெரிகின்றன; அவை மலையின் உள்நோக்கிச் சாய்கின்றன. மொத்தத்தில் ஒரு தோணி வடிவ மடிப்பு. ஒரே ஒரு திசையில் நெருக்கினால் நீளமான வாய்க்கால் போலத்தான் மடியும். இரு முனையும் மேலே எழும்பித் தோணி ஆக வேண்டுமென்றால், குறுக்கேயும் ஒரு நெருக்கல் வேண்டும். ஒரு காலத்தில் நீருக்கடியில் கிடையாகப் படிந்த இரும்பும் சிலிக்காவும் இன்று மலை மேல் தோணியாக நிற்கின்றன.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட் என்ற வெள்ளைப் பாறை அடுக்கடுக்காக மடிந்து கிடக்கிறது. இதுவும் ஏறக்குறைய 250 கோடி வயது. நிலவின் மேட்டு நிலமும் இதே வகைப் பாறைதான். அதனால்தான் சந்திரயான்-2 திட்டத்துக்காகப் பரிசோதனை நிலவு மண் தயாரிக்க இஸ்ரோ இந்தப் பகுதிப் பாறையை அரைத்துப் பயன்படுத்தியது. நம் பக்கத்து ஊர்க் கல்லுக்கு நிலா வரை சொந்தம் இருக்கு, பாருங்க!

இப்போது பட்டைக்குத் தெற்கே போவோம். மதுரைப் பக்கத்துப் பாறையில் உள்ள ஸிர்கான் ஓடுகள் ஏறக்குறைய 55 கோடி ஆண்டு என்று காட்டுகின்றன. தேனி மாவட்டத்தில் கொடைக்கானல் மலையடிவாரத்துக் கெங்குவார்பட்டியில் சஃபிரின் என்ற அரிய கனிமம் கிடைக்கிறது. அது இருக்கும் விதத்தைக் கொண்டு, அந்தப் பாறை ஒரு காலத்தில் 900 டிகிரிக்கு மேல் வெந்தது என்று கணக்கிட்டுள்ளனர்.

வடக்கே 250 கோடியில் அடங்கிப்போன பாறை. தெற்கே 55 கோடியில் வெந்து கசங்கிய பாறை. நடுவே அரைபட்ட பட்டை. இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? வெல்டிங் செய்த இரண்டு தகடுகளும் நடுவில் உள்ள வெல்டும் மாதிரித் தெரியவில்லையா?

பல ஆய்வாளர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். இரண்டு நிலத்துண்டுகளுக்கு நடுவே மொசாம்பிக் கடல் என்று பெயரிடப்பட்ட ஒரு பழைய கடல் இருந்தது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் அது மூடியது. இரு கரைகளும் மோதி ஒட்டின என்பது அவர்கள் வாதம். காவிரிக் கரையில் மணமேட்டில் கடல் அடித்தளப் பாறையின் மிச்சங்கள் என்று கருதப்படும் பாறைகள் கிடைத்துள்ளன. அவற்றின் வயது 75 கோடி ஆண்டுகளை ஒட்டி வருகிறது. இது அவர்களுக்கு நல்ல சாட்சி.

ஆனால் நாமக்கல் பக்கம் தேவனூரிலும் அதே மாதிரிப் பாறைகள் கிடைத்தன. அவற்றின் வயதோ சுமார் 250 கோடி! எனவே, "ஒட்டு விழுந்தது 250 கோடி ஆண்டுக்கு முன்பே, 55 கோடியில் பழைய ஒட்டுதான் மறுபடி சூடாகி உரசியது" என்று வேறு சிலர் வாதிடுகிறார்கள். விவாதம் தொடர்கிறது. எந்தக் கட்சி ஜெயித்தாலும் ஒன்று உறுதி. இந்தப் பட்டை ஒரு தடவை அல்ல, பல தடவை லோடு வாங்கிய ஸ்பெசிமன். ஒரு தடவை பலவீனமான இடத்தில்தான் அடுத்த தடவையும் விசை போய் நிற்கும். இந்த வாக்கியத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

55 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்த மோதல்களில் உருவானதுதான் கோண்டுவானா பெருங்கண்டம். நம் நாட்டுக் கோண்டு மக்களின் நிலப் பெயரை வைத்து எட்வர்ட் சூயஸ் 1885-இல் இட்ட பெயர் அது. மடகாஸ்கரின் தென்பகுதியிலும் இதே 55 கோடி வயதுடைய, இதே போல் வெந்த பாறைகள் இருக்கின்றன. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தன. ஒரு தாளைக் கிழித்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டால், கிழிந்த ஓரமும் எழுத்தின் வரியும் பொருந்த வேண்டும் அல்லவா? அது போல, நம் பக்கத்து ஷியர் பட்டைகளுக்கு மடகாஸ்கரில் ஜோடி தேடும் ஆராய்ச்சியும் நடந்துகொண்டே இருக்கிறது.

இதெல்லாம் நமக்கு எதற்கு?

"நாளைக்கு சைட்டுக்குப் போய் கான்கிரீட் போடப் போறோம், 55 கோடி வருஷத்துக் கதை எதுக்குப்பா?" என்று கேட்கும் நண்பர்களுக்காகத்தான் இந்தப் பகுதி.

தெற்கு பிரான்சில் ஃப்ரேஜுஸ் நகருக்கு மேலே மால்பாஸே என்ற ஆர்ச் அணை இருந்தது. 1954-இல் கட்டி முடித்தது. உயரம் சுமார் 66 மீட்டர். அடியில்கூட 7 மீட்டருக்கும் குறைவான தடிமன். அழகான, சிக்கனமான டிசைன். 1959 டிசம்பர் 2 அன்று இரவு, மழையில் நீர்த்தேக்கம் நிரம்பியிருந்த நிலையில் அது உடைந்தது. 400-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பின்னர் ஆராய்ந்தபோது கான்கிரீட்டில் குறை காணப்படவில்லை. குறை இடது கரைப் பாறையில் இருந்தது. அந்த நைஸ் பாறையின் தகட்டு அமைப்பு, அணையின் தள்ளுவிசைக்கு இணையாகச் சாய்ந்திருந்தது. விசை அந்தத் தகடுகளை இறுக்க, பாறைக்குள் ஊறும் தண்ணீருக்கு வழி அடைபட்டு, அடியில் அழுத்தம் ஏறியது. கீழ்ப்பக்கம் ஒரு பழைய ஃபால்ட் குறுக்கே ஓடியது. தகட்டுத் தளமும் ஃபால்ட்டும் சேர்ந்து ஒரு ஆப்பு வடிவப் பாறையை வெட்டிக் கொடுத்தன. தண்ணீர் அழுத்தம் அந்த ஆப்பைத் தூக்கிவிட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பாறையில் எழுதப்பட்ட இரண்டு வரிகள். அவற்றைச் சேர்த்துப் படிக்காமல் விட்டதன் விலை நானூறு உயிர்!

நம் பக்கத்திலும் ஒரு நினைவூட்டல் உண்டு. 1900 பிப்ரவரி 8-ஆம் நாள் கோவைப் பகுதியை உலுக்கிய நிலநடுக்கம் ஏறக்குறைய 6 ரிக்டர் அளவினது. அதன் மையம் அதே பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதி. அடிக்கோடிடச் சொன்ன வாக்கியம் நினைவிருக்கிறதா? 2002-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 1893 விதிநூலில் கோவை மூன்றாம் மண்டலத்தில் வைக்கப்பட்டது. வீட்டுக்குக் கம்பி கட்டும்போது நாம் போடும் கணக்குக்குள்ளும் இந்தப் பழைய வரலாறு வந்துவிடுகிறது!

படிக்காத மேதைகள் இதை எப்போதோ தெரிந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்குவாரியில் கல் பிளக்கும் பெரியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வரிசையாகத் துளை போட்டு, இரும்பு ஆப்பு இறக்கி, ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். கல் நூல் பிடித்தது போல் பிளந்தது. "எப்படிங்கய்யா இவ்வளவு நேரா வருது?" என்றேன். "தம்பி, கல்லு படுத்திருக்கிற பக்கம் பார்த்துத் துளை போடணும். எதிர்ப்பக்கம் போட்டா நாள் பூரா அடிச்சாலும் சிதறித்தான் போகும்" என்றார். தகட்டு அமைப்பு என்று நாம் மார்க்குக்காகப் படிப்பதை, அவர் சோற்றுக்காகப் படித்திருக்கிறார்!

நாம் என்ன செய்யலாம்?

பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சர்வேயில் பிடித்த காம்பஸும், ஒரு பாகைமானியும், நூலில் கட்டிய குண்டும் போதும். சாய்ந்த பலகையைத் தொட்டித் தண்ணீரில் பாதி முக்குங்கள். தண்ணீர் மட்டம் பலகையில் போடும் கோட்டின் திசை ஸ்ட்ரைக். பலகை கிடைமட்டத்திலிருந்து கீழே இறங்கும் கோணம் டிப். பாறையின் வரிகளுக்கும் விரிசல்களுக்கும் இந்த இரண்டையும் எழுதிவிட்டால் பாதிக் கதை கைக்கு வந்துவிட்டது. ஒன்று மட்டும் கவனம்: இரும்புத்தாது உள்ள பாறைப் பக்கம் காம்பஸ் முள் ஏமாற்றும், அங்கே தூரத்து அடையாளத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

பாலத்துக்கோ கட்டடத்துக்கோ அஸ்திவாரக் குழி தோண்டும்போது பாறை வந்தால், "ஹார்டு ராக் வந்தாச்சு" என்று ஒரே வரியில் எம்.புக்கில் எழுதி மூடிவிடாமல், வரி எந்தப் பக்கம் சாய்கிறது, நொறுங்கிய பட்டை ஏதாவது குறுக்கே ஓடுகிறதா, அதில் களிமண் இருக்கிறதா, தண்ணீர் கசிகிறதா என்று பார்த்து, ஒரு சின்ன ஸ்கெட்ச் போட்டு, தேதியுடன் எழுதி வையுங்கள். மலையை வெட்டி ரோடு போடும்போது, தகடுகள் ரோட்டுப் பக்கம் சாய்ந்தால் சரிவு வரும். மலைப் பக்கம் சாய்ந்தால் பெரும்பாலும் நிற்கும். இந்த ஒரு குறிப்பு, மழைக்காலத்தில் ஒரு பஸ்ஸைக் காப்பாற்றலாம். கான்கிரீட் விழுந்த பிறகு அந்தப் பாறையை யாரும் பார்க்கப் போவதில்லை. கடைசியாகப் பார்க்கும் கண் பெரும்பாலும் சைட்டில் நிற்கும் டிப்ளமோக்காரன் கண்தான்.

குவாரிகளும் அப்படியே. ஒரு குவாரியின் புதிதாக வெட்டிய முகத்தில், மடிப்பும் கண்ணும் டைக்கும் வேறெங்கும் தெரியாத தெளிவோடு தெரிகின்றன. அடுத்த மாதம் அதே முகம் ஜல்லியாகவும் மெருகேற்றிய பலகையாகவும் லாரி ஏறிவிடும். கல் வேண்டாம் என்று நாம் சொல்ல முடியாது. நம் தொழிலே கல்லை நம்பித்தான் இருக்கிறது. ஆனால் போவதற்கு முன் ஒரு போட்டோ, ஒரு அளவு, ஒரு குறிப்பு எடுத்து வைக்கலாமே! அனுமதி வாங்கி, ஹெல்மெட் போட்டு, வெடி வைக்காத நேரத்தில், முகத்தின் அடியில் ஒட்டி நிற்காமல் செய்ய வேண்டிய வேலை இது.

நமது துறைத் தோழர்களுக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு செட் மாணவர்களும் தங்கள் ஊர்ப் பாறை ஒன்றுக்கு ஸ்ட்ரைக், டிப் அளந்து, ஒரே வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தால், பத்து ஆண்டில் நம் மாவட்டத்துக்கே ஒரு அருமையான பதிவு உருவாகிவிடும். செலவு ஒரு நோட்டும் ஒரு பென்சிலும்தான். நமக்குப் பின் வரும் தம்பி, தங்கைகள் அஸ்திவாரம் போடும்போது அந்த நோட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். 250 கோடி ஆண்டு காத்திருந்த கல், இன்னும் கொஞ்சம் காத்திருக்கும். ஆனால் குவாரி லாரி காத்திருக்காது. எனவே வருகிற விடுமுறையிலேயே ஆரம்பித்துவிடுவோம், வாருங்கள்!

- மூன்றாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு